மணல்வரை நடக்க முடிகிற வீடு

அன்புள்ள அக்கா,

சென்னை திருவான்மியூரில் நீங்கள் குடியிருக்கும் வால்மீகி நகரைப் பற்றி அவ்வப்போது எழுதும் குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம். எனக்கு 61 வயது. கோவையில் ஆசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வுபெற்றேன். கணவருக்கு 65, மூட்டு வலி உண்டு. கடல் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய ஃபிளாட் விலைக்கு வருகிறது. போன மே மாதம் இரண்டு தடவை போய்ப் பார்த்தோம். மாலை நாலு மணிக்குத் தெருவில் ஒரு ஆள் இல்லை, எனக்குப் பயமாகிவிட்டது. டல்லாஸில் இருக்கும் மகன், "கோவையிலேயே முதியோர் குடியிருப்பில் வாங்குங்கள், சாப்பாடு, நர்ஸ் எல்லாம் இருக்கும், அங்கே போய் யாரைத் தெரியும் உங்களுக்கு" என்கிறான். நான் பார்த்தது அமைதியா, தனிமையா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வி., கோவை

அன்புள்ள வி.,

மே மாதம் நாலு மணிக்கு இந்தத் தெருவில் நாய்கூட நிழலை விட்டு எழுந்திருக்காது. காலை ஐந்தரைக்கு வந்து பாருங்கள். பால் வாங்கப் போகிறவர்கள், மருந்தீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பியவர்கள், கடற்கரைக்கு நடக்கப் போகிறவர்கள் என்று தெரு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஏழு மணிக்குத் திரும்பி வரும்போது ஜன்னலுக்கு ஜன்னல் ஒரே பேச்சுதான் கேட்கும். "சாப்டாச்சாடா?" "குழந்தை தூங்கிட்டாளா?" அமெரிக்காவில் அப்போது முந்தைய நாள் ராத்திரி. பிள்ளைகள் அங்கே வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தைப் பார்த்துத்தான் இங்கே பாதி வீடுகளில் காலை டிபன் நேரமே அமைகிறது.

ஒளிக்காமல் சொல்லச் சொன்னீர்கள். அமைதிதான், தனிமையும்தான். இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை, பிள்ளைகள் கிளம்பிப் போய்விட்டார்கள். எங்கள் கட்டிடத்தில் பன்னிரண்டு வீடு, அதில் எட்டு வீட்டில் அறுபதுக்குக் கீழே ஆளே கிடையாது. மாடிப்படிக்கு அடியில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு சின்ன சைக்கிள் நிற்கிறது. வருடத்தில் மூன்று வாரம், பேரன் வரும்போது, தாத்தா அதை வெளியே எடுத்துக் காற்றடித்து, துருப்பிடித்த செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார். உறையை மறுபடி போடுகிற நாளில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம்.

துரு என்றதும் நினைவு வருகிறது, வீட்டைப் பற்றிச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். உப்புக்காற்று எதையும் விடாது. ஜன்னல் கம்பிகளை வருஷா வருஷம் மழைக்கு முன்னால் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பெயின்ட் பூச வேண்டும். ஏசியின் வெளி யூனிட்டில் எனக்கு மூன்றாவது வருஷமே குழாய்ச் சுருள் ஓட்டையாகி கேஸ் போய்விட்டது. அப்பளம் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு போன் பேசி வந்தால் போதும், நமுத்துப்போயிருக்கும். பழைய ஃபிளாட் என்கிறீர்களே, பால்கனி கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். தெரிந்தால் அந்த வீடு வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். இதைக் கட்டாயம் கேளுங்கள், புரோக்கர் தானாகச் சொல்ல மாட்டார். இங்கே தரைக்கு அடியில் மணல். மழைத்தண்ணீர் அந்த மணலில் இறங்கி, உப்புத்தண்ணீரைவிட லேசானது என்பதால் அதற்கு மேலேயே நிற்கிறது. உறைகிணற்றில் மேலோட்டமாக எடுத்தால் நல்ல தண்ணீர் வரும். ஆழமாக போர் போட்டுப் பலமாக உறிஞ்சினால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும், அது இறங்க எத்தனையோ மழைக்காலம் ஆகும். மழைநீர் சேகரிப்பை 2003இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள். நீங்கள் பார்த்த கட்டிடத்தில் மொட்டைமாடிக் குழாய் நிஜமாகவே கிணற்றுப் பக்கம் போகிறதா, பெயருக்கு நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். 2019 கோடையில் சென்னை முழுக்க லாரிக்குக் காத்துக்கிடந்தபோது எங்கள் கிணறு காலையில் அரைமணி, மாலையில் அரைமணி மோட்டாருக்குத் தாங்கியது.

நீங்கள் பார்த்த மே மாதத்துக்கு இன்னொரு முகம் உண்டு. காலையில் மேற்கிலிருந்து அனல்காற்று. நிலம் நன்றாகச் சுட்ட பிறகு, பன்னிரண்டு, ஒரு மணிவாக்கில் கடல்காற்று திரும்பும். மேல்காற்று பலமாக இருந்தால் மூன்று மணிகூட ஆகும், சில நாள் வராமலே போகும். வந்தால் முதலில் எங்களுக்குத்தான். திரைச்சீலை சட்டென்று வீட்டுக்குள் புடைத்துக்கொண்டு வரும், அதுவரை கட்டிலில் முனகிக்கொண்டு கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். பதினாலு வருஷமாகப் பார்க்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு இன்னும் பழகவில்லை.

சரி, உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "அங்கே யாரைத் தெரியும்?" நல்ல கேள்வி, அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். நான் இங்கே வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தெருவில் இருந்த பெரிய மரங்களில் பாதி சாய்ந்து, நான்கு நாள் எங்களுக்குக் கரண்ட் இல்லை. லிஃப்ட் இல்லை, மோட்டார் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மூன்றாவது மாடியில் 84 வயதுப் பெரியவரும் அவர் மனைவியும். அவருக்கு இன்சுலின், ஃபிரிட்ஜ் ஓடவில்லை. முதல் மாடியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் இருக்கிறார். அவர்தான் மருந்துப் புட்டியைக் கவரில் இறுக்கிக் கட்டி, மண்பானைத் தண்ணீருக்குள் தம்ளரை வைத்து அதில் நிறுத்தச் சொன்னார். தண்ணீருக்கு என்ன செய்வது? எனக்கு மீன் கொண்டுவரும் குப்பத்து அம்மா, தன் வீட்டு ஓலை பறந்துபோன நிலையிலும், மறுநாள் காலையில் தன் மகனை அனுப்பினார். அவனும் வாட்ச்மேனும் கிணற்றில் கயிறு போட்டு இறைத்து, பக்கெட் பக்கெட்டாக மூன்று மாடி ஏற்றினார்கள். அந்தப் பெரியவர் வீடு சுத்த சைவம், அந்தப் பையனை அதற்கு முன் அவர்கள் பார்த்ததே இல்லை. அந்த அம்மாவோடு எனக்கிருந்த உறவும் ஐந்து வருஷம் சங்கராவும் நெத்திலியும் வாங்கியதும், வாங்கும்போது பேசியதும்தான்.

அந்த ஐந்து வருஷம் முக்கியம் வி. போன உடனே கிடைக்காது. நர்ஸ் அம்மா எந்த வீடு என்று தெரிய, மருந்துக்கடைக்காரர் உங்கள் குரலை வைத்தே மாத்திரையை எடுத்து வைக்க, அதற்கெல்லாம் நாள் ஆகும், தினம் வாசலில் இறங்கி நடக்கவும் வேண்டும். எழுபத்தைந்துக்கு மேல், துணையை இழந்தபின் அல்லது மூட்டு ஆபரேஷனுக்குப் பின் இங்கே வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் நல்ல வீடாகத்தான் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்குத் தெருவைத் தெரியாது, தெருவுக்கும் அவர்களைத் தெரியாது. கடல் சத்தம் மட்டும் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், வருவதென்றால் இப்போதே வாருங்கள், கை கால் நன்றாக இருக்கும்போது. உங்களில் ஒருவருக்கு ஏற்கெனவே தினமும் ஆள் துணை வேண்டும் என்ற நிலை இருந்தால் மகன் சொல்வதுதான் சரி, கோவையிலேயே இருங்கள்.

குப்பத்தைப் பற்றி இன்னொன்று. வலை காயப்போடுகிறார்கள், நாற்றம் என்று குறைப்படும் ஆட்களோடு தயவுசெய்து சேராதீர்கள். இந்தக் கரையில் அவர்கள் இருந்த பிறகு எத்தனையோ காலம் கழித்து வந்தவர்கள் நாம். காலையில் போய் நில்லுங்கள், காற்று கச்சானா, வாடையா, கொண்டலா என்று கேளுங்கள், சொல்லித்தருவார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, மீன் விலை ஏறும், அப்போது போய் பேரம் பேசாதீர்கள்.

தூக்கம் வராத வயது நமக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். மாணவர்கள் 1988இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு இன்னும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி நடந்து முட்டைகளைச் சேகரிக்கிறது. கடலைப் பார்த்த பக்கத்து விளக்குகளை அந்த மாதங்களில் அணைத்து வைப்போம், வெளிச்சம் பட்டால் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டுத் தெருப் பக்கம் வந்துவிடும். பதினைந்து, இருபது கிராம் இருக்குமோ என்னவோ, உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒன்று தண்ணீரைப் பார்த்துத் தத்தித் தத்திப் போவதை ஒரு தடவை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

கடைசியாக உங்கள் கணவரின் மூட்டு. வீட்டிலிருந்து கடல் தெரிகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள், நான் கேட்கச் சொல்வது மணலை. கைத்தடி மணலில் புதையும். எதிர்வீட்டுப் பெரியவர் நாலு வருஷமாகக் கடற்கரை வரை வருகிறார், தண்ணீரை மட்டும் தொடவில்லை. சாலை ஓரத்தில் சிமென்ட் முடிகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாங்கள் நாலு பேர் சாயங்காலம் உட்கார்ந்திருப்போம், அதுதான் அவருக்கு எல்லை. மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலி போகிற மரப்பாதை போட்டார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். எங்கள் கரைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

உடனே வாங்க வேண்டாம். பதினோரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், அதில் ஒரு மேயும் ஒரு நவம்பரும் வருகிற மாதிரி. அடுத்த முறை வீடு பார்க்க வரும்போது கார் வேண்டாம். அந்த வீட்டு வாசலிலிருந்து மணல்வரை அவரை நடக்கச் சொல்லுங்கள், பேசாமல் கூடவே போங்கள். போகும்போது எத்தனை தடவை நின்றார், திரும்பும்போது எத்தனை தடவை நின்றார் என்று எண்ணிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா