பதில்: 1928 தேதியிட்ட சி.வி. ராமன் கடிதம், பூஞ்சைப் புள்ளி, லேமினேஷன்

அண்ணாச்சி, பாதிப் பணம் கொடுத்து வாங்கிய 1928 ராமன் கடிதத்தில் பூஞ்சைப் புள்ளி இருக்கிறது, லேமினேஷன் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். உருகிய பசை தாளில் இறங்கினால் பிரிக்கவே முடியாது.

ஆனால் கடிதத்தாளின் தலைப்பில் 'இயக்குநர், இந்திய அறிவியல் கழகம், பெங்களூர்' என்று இருக்கிறது என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. ராமன் அந்தப் பதவிக்கு வந்ததே 1933-இல்; அதுவரை கல்கத்தா. 'சர்' பட்டமும் 1929-இல்தான், 1928 கடிதத்தில் அது இருந்தாலும் சந்தேகம்தான். எழுத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பேனா மை தாளின் நாரோடு லேசாகப் பரவியிருக்கும். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு நகல். மீதிப் பணத்தை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

பூஞ்சைக்கு: ஈரத்துணி படவே கூடாது, மை கலையும். நிழலில் உலர்த்தி, மாஸ்க் போட்டு, மென்தூரிகையால் வெளியே வைத்துத் தட்டுங்கள். குளச்சல் கடல்காற்றில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் சேர்ந்தால் ஈரப்பதம் 65 சதவீதத்தை எளிதாகத் தாண்டும், பூஞ்சை திரும்பும். அமிலமில்லாத தாளுறை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், இறுக மூடும் டப்பா போதும். பிவிசி பிளாஸ்டிக் உறை மட்டும் கூடாது.