காலில் சுட்டுப் பிடித்தால் கேள்வி கேட்க முடியாதா?

கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். வழிப்பறி வழக்கில் என் தம்பியைப் பிடித்தார்கள். பொருளை எடுத்துத் தரக் கூட்டிப்போன இடத்தில், எஸ்.ஐ.யை அரிவாளால் வெட்டிவிட்டுத் தப்பப் பார்த்தான், அதனால் முழங்காலுக்குக் கீழே சுட்டோம் என்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அவன் மேல் பழைய வழக்குகள் உண்டு. ‘ரவுடிக்காக எந்தக் கோர்ட் பேசும், சும்மா இருங்கள்’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: சும்மா இருக்காதீர்கள் அம்மா. தம்பி மேல் எத்தனை வழக்கு இருந்தாலும் சரி, சுட்டவர்களிடம் சட்டம் கேட்பது இதைத்தான்: அந்த நேரத்தில் உயிருக்கு ஆபத்து இருந்ததா? சுடாமல் தடுக்க வழி இருந்ததா? பழைய வழக்குகளில் இதற்குப் பதில் கிடையாது.

கைதுக்கு முரண்டு பிடிப்பவரை அடக்கத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது கைது, விசாரணை முறைகளைச் சொல்லும் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 43-வது பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன் இது பழைய சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 46-வது பிரிவு. அதே பிரிவின் 4-வது உட்பிரிவை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரை எடுக்க இந்தப் பிரிவு உரிமை தரவில்லை என்று அது சொல்கிறது. யாருக்கும் காயம் ஏற்படுத்தாத வழிப்பறிக்குப் 10 ஆண்டு வரை தண்டனை. நெடுஞ்சாலையில் இரவில் நடந்திருந்தால் 14 ஆண்டு வரை. துப்பாக்கி உயிரைப் பறிக்கக்கூடிய ஆயுதம், காலுக்குக் குறி வைத்தாலும் அப்படித்தான். அதனால் ‘ஓடினான், சுட்டோம்’ என்பது மட்டும் போதாது.

இங்கேதான் அரிவாள் வருகிறது. தற்காப்பு உரிமை, குற்றங்களையும் தண்டனைகளையும் சொல்லும் பி.என்.எஸ். சட்டத்தில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சினால் எதிராளியைக் கொல்லும் அளவுக்குக்கூட அது நீளும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி பலமும் கூடாது என்கிறது 37-வது பிரிவு. அரிவாளை ஓங்கி வருகிறவனைச் சுடலாம். அதைப் போட்டுவிட்டு முதுகு காட்டி ஓடுகிறவனால் யார் உயிருக்கும் ஆபத்து இல்லை. வழக்கு என்று வந்தால், தற்காப்புக்காகச் சுட்டேன் என்பவர்தான் அதைக் கோர்ட்டில் காட்டியாக வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தம்பி நிஜமாகவே வெட்டியிருந்தால், சுட்டது சரிதான் என்று கோர்ட் சொல்லக்கூடும். கொலை முயற்சிப் பிரிவான 109-ல் தனி வழக்கும் அவன் மேல் வரும். ஆனாலும் நான் முதலில் கேட்பது: காவலில் இருந்தவன் கைக்கு அரிவாள் எப்படி வந்தது? உடன் போன போலீசார் எத்தனை பேர்? எஸ்.ஐ.க்கு எங்கே, எவ்வளவு ஆழத்தில் காயம், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்குப் பதிவு?

இதையெல்லாம் விசாரிக்கவே 2014 செப்டம்பர் 23-ல், பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளைத் தந்தது. எப்.ஐ.ஆர். பதிந்து தாமதமில்லாமல் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தினரோ விசாரிக்க வேண்டும். சுட்டவர்கள் துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். காயம்பட்டவரின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட்டோ டாக்டரோ பதிய வேண்டும். சாவுக்கு மட்டும்தானே இது என்பார்கள், நம்பாதீர்கள். கொடுங்காய வழக்குகளுக்கும் முடிந்தவரை பொருந்தும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது. சாட்சியங்கள் சீக்கிரம் அழிந்துவிடும், அதனால் அதை முதலில் பாருங்கள். ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (காயத்தோடு வருபவர்களைப் பதியும் விபத்துப் பதிவேடு) காப்பியை வக்கீல் மூலம் கேளுங்கள். காயம் எப்படி ஏற்பட்டதாகச் சொல்லப்பட்டது என்பது அதில் இருக்கும். குண்டு முன்பக்கம் நுழைந்ததா பின்பக்கமா, தோலில் கருகலோ வெடிமருந்துப் புள்ளிகளோ உண்டா என்று டாக்டர் எழுதியிருக்கிறாரா பாருங்கள். ஓடும்போது சுட்டதா, பிடித்து வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்து சுட்டதா என்று கண்டுபிடிக்க இவை உதவும். அன்று போட்டிருந்த கைலி, பேன்ட் உங்களிடம் வந்திருந்தால் தயவுசெய்து துவைக்காதீர்கள். காகிதத்தில் சுற்றி வைத்து, வக்கீல் மூலம் கோர்ட்டில் ஒப்படையுங்கள். கைதானவருக்கு மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகல் தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 53-வது பிரிவு சொல்கிறது, அதையும் கேட்டு வாங்குங்கள். காவல் நிலைய சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கொடுங்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கேமராக்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் ஆஸ்பத்திரிக்கு வரும்போது தம்பி வாய் திறக்க வேண்டும். நடந்ததை அங்கே சொன்னால் பதிவாகும். அன்று பேசாமல் இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்துச் சொன்னால், வக்கீல் சொல்லிக்கொடுத்த கதை என்பார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உரிமையாகவே உண்டு.

அப்புறம் புகார். காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால், விசாரிக்க உத்தரவிடச் சொல்லி பி.என்.எஸ்.எஸ். 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு. நெறிமுறைகள் பின்பற்றப்படவில்லை என்று செஷன்ஸ் நீதிபதியிடமும் முறையிடலாம். சம்பவம் புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு அந்தப் பக்கம் நடந்திருந்தால் புதுச்சேரி போலீஸ், புதுச்சேரி கோர்ட். சட்டமும் தீர்ப்பும் ஒன்றுதான், மேலே இருப்பதும் அதே சென்னை ஹைகோர்ட்தான்.

கோர்ட் பேசாது என்கிற சொந்தக்காரர்களுக்கு நம் மாவட்டத்து வழக்கையே சொல்லுங்கள். 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு அடிபட்டு இறந்தார். திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட ஏழைத் தொழிலாளி அவர். காணாமல் போனவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, மனைவி ஹைகோர்ட்டில் போட்ட ஆட்கொணர்வு மனுவிலிருந்துதான் உண்மை வெளியே வரத் தொடங்கியது. போலீசார் தண்டிக்கப்பட வருடக்கணக்கானது, ஆனால் தண்டிக்கப்பட்டார்கள்.

மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். அதற்குக் கெடு சம்பவத்திலிருந்து ஒரு வருடம்.