ஸ்டிக்கர் இல்லாத கேன் தண்ணீர்: கடைக்காரர் தப்பிக்க முடியுமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறோம். தெருமுனைக் கடையில் வாங்கிய 20 லிட்டர் கேன் தண்ணீரில் பாசி வாடை அடித்தது. அதைக் குடித்த மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். கேனில் கம்பெனிப் பெயரோ தேதியோ இல்லை, பில்லும் இல்லை. ‘எனக்குத் தெரியாதுங்க’ என்கிறார் கடைக்காரர். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், கடைக்காரர் மீதே போடலாம். தயாரிப்பாளர் யாரென்று தெரியாத பொருளை விற்றவர், தயாரிப்பாளரைப் போலவே பொறுப்பேற்க வேண்டும் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 86. ஸ்டிக்கர் இல்லாதது உங்களுக்குத்தான் சாதகம்.

சிக்கல் சாட்சியத்தில் இருக்கிறது. நீங்கள் திறந்து பயன்படுத்திய கேனை மட்டும் நம்பாதீர்கள். ‘டிஸ்பென்சர் குழாயைக் கழுவினீர்களா, வெயிலில் வைத்தீர்களா?’ என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். வெளிச்சம் பட்டால் கேனில் பாசி பிடிக்கும் என்பதால் அந்த வாதம் எடுபடும். பழைய கேனைப் போட்டோ எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதே கடையில் சீல் பிரிக்காத கேன் ஒன்று வாங்குங்கள். பணத்தை யூபிஐ மூலம் கட்டினால் அந்தப் பதிவே ரசீதுக்கு ஈடாக நிற்கும்.

வாங்கும்போதே ‘இதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப் போகிறேன்’ என்று கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்துக் கேளுங்கள். மறுத்தால் அங்கேயே நின்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40 இந்த அறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. வீட்டுக்கு வந்தபின் சொன்னால் செல்லாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பிறகு கேனைச் சீலோடு உணவுப் பகுப்பாய்வாளரிடம் (உணவு மாதிரிகளைச் சோதிக்க அரசு நியமித்தவர்) கட்டணம் செலுத்தி ஒப்படையுங்கள். வீட்டு பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போனால் கிருமிப் பரிசோதனை வீண். டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியாக்களான கோலிஃபார்ம், ஈ.கோலி இரண்டுக்கும் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். அடைக்கப்பட்ட குடிநீரில் 250 மி.லி.க்கு ஒரு ஈ.கோலிகூட இருக்கக் கூடாது. தண்ணீர் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளை ஒட்டிய போர்வெல்லிலிருந்து வருவதாகத் தெரிந்தால் தோல் பதனிடுவதில் பயன்படும் குரோமியத்தின் மொத்த அளவையும் பாருங்கள், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு.

புதிய கேனின் முடிவு பழைய கேனைப் பற்றி நேரடியாக எதையும் நிரூபிக்காது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி, மலப் பரிசோதனை முடிவு, அதே தண்ணீரைக் குடித்து நோயுற்ற அண்டை வீட்டாரின் பிரமாண வாக்குமூலம் மூன்றும் சேர்ந்தால்தான் வழக்கு வலுப்பெறும். மலத்தில் கண்ட கிருமியே கேனிலும் கிடைத்தால் எதிர்த்தரப்பு தப்புவது கடினம்.

வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் மனுச் செய்யுங்கள். கம்பெனி வேறு மாவட்டத்தில் இருப்பது பின்னால் தெரியவந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. மருத்துவச் செலவு, மன உளைச்சல் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு மட்டும் இன்றைக்கே எழுத்துமூலம் புகார் கொடுத்துவிடுங்கள். அந்தக் கடைக் கேன் இன்னும் பல வீடுகளில் குழந்தைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.