மஸ்டாங் இறக்கையில கோடு எதுக்கு? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ரொம்ப நாளா உங்க பதிவுகள படிச்சிட்டு வரேன், எழுதுறது இதான் முதல் தடவ. ரிட்டயர் ஆனப்புறம் பிளாஸ்டிக் ஏரோபிளேன் கிட் செய்ய ஆரம்பிச்சேன். இப்ப டேபிள்ல ரெண்டு இருக்கு. ஒண்ணு மோனோகிராம் கம்பெனியோட 1/48 (நிஜத்துல 48ல ஒரு பங்கு அளவு) பி-17ஜி குண்டுவீச்சு விமானம், பழைய மோல்டு, பேனல் லைன், அதாவது தகடு சேர்ற கோடு எல்லாம் மேல தூக்கி நிக்குது. இன்னொண்ணு டமியா கம்பெனியோட 1/48 பி-51டி மஸ்டாங் போர் விமானம், அதுல கோடெல்லாம் பள்ளமா அழகா இருக்கு. கூட கிட் செய்யுற நண்பர் ஒருத்தர் "நிஜ ஏரோபிளேன்ல எங்கயாவது கோடு தூக்கிட்டு நிக்குமா, எல்லாத்தையும் தேச்சுட்டு புதுசா ஸ்க்ரைப் பண்ணி பள்ளக் கோடு கீறுங்க"ன்னு சொன்னார். நானும் பி-17 இடது இறக்கையோட மேல்பக்கத்த தேச்சு, ஸ்டீல் ரூலர் வச்சு கத்தியால கோடு போட்டேன், சில இடத்துல கத்தி சறுக்கி குறுக்க போயிடுச்சு. மஸ்டாங்குக்கு சில்வர் அடிச்சு எல்லா கோட்டுலயும் கறுப்பு வாஷ் (தண்ணியா கரைச்ச பெயின்ட்) விட்டேன், வீட்டுல பாத்துட்டு "என்னங்க, பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கு"ன்னுட்டாங்க.

மிச்ச இறக்கையையும் தேய்க்கணுமா? சறுக்கினத எப்படி சரி பண்றது? ஸ்க்ரைபர் (கோடு கீறுற கருவி) வாங்கினா 0.1 மி.மீ. வாங்கவா 0.2 வாங்கவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மிச்ச இறக்கைய தொடாதீங்க. உங்க டேபிள்ல இருக்குற ரெண்டுல கோட்ட அழிக்க வேண்டியது மஸ்டாங்ல, விட்டுவைக்க வேண்டியது பி-17ல. நீங்க அப்படியே தலைகீழா செஞ்சிட்டு இருக்கீங்க. வீட்டுல சொன்ன டைல்ஸ் விமர்சனம் ரொம்ப சரியான விமர்சனம், நான் இவ்ளோ நீளமா எழுதப்போறதும் அதத்தான்.

உங்க நண்பர் சொன்னதுல பாதி உண்மை. நிஜத்துல கோடு தூக்கி நிக்காது, சரி. ஆனா பள்ளமா வாய்க்கா மாதிரியும் இருக்காதே, அத ஏன் யாரும் கேக்க மாட்டேங்குறாங்க? கணக்கு போட்டு பாருங்க. கிட்டுல ஒரு பேனல் லைன் 0.15 மி.மீ. அகலம்னு வச்சுக்கோங்க, ரொம்ப மெல்லிசுன்னு எல்லாரும் பாராட்டுற கோடு அது. 1/48ல அத நிஜ அளவுக்கு பெருக்கினா 7.2 மி.மீ., ஒரு பென்சிலயே உள்ள படுக்க வைக்கலாம். 1/72ல அதே கோடு 10.8 மி.மீ. ஆயிடும். நிஜ விமானத்துல ரெண்டு தகடு சேர்ற இடத்துல அவ்ளோ இடைவெளி விட்டிருந்தா இன்ஸ்பெக்டர் அத ஷெட்ட விட்டு வெளிய விட்டிருக்க மாட்டார். 1 மி.மீ. இடைவெளிய ஒழுங்கா 1/48க்கு குறைச்சா 0.02 மி.மீ., தலைமுடியோட தடிமன்ல பாதி கூட இல்ல, அதுமேல பெயின்ட் அடிச்சா காணாமப் போயிடும். அதனால தூக்கின கோடும் சரி பள்ளக் கோடும் சரி, ரெண்டுமே "இங்க ஒரு இணைப்பு இருக்கு"ன்னு சொல்ற அடையாளம் மட்டும்தான், எது அசல்னு சண்டை போட ஒண்ணுமில்ல.

அப்ப பழைய கிட்ல ஏன் தூக்கி இருக்குன்னா, அது மோல்டு செஞ்சவங்க வசதி. ஸ்டீல் மோல்டுல கோடு கிழிக்கிறது சுலபம், கிழிச்ச இடத்துல பிளாஸ்டிக் போய் நிரம்பும், வெளிய எடுத்தா அது தூக்கின கோடா வரும். பிளாஸ்டிக்ல பள்ளம் வேணும்னா மோல்டுல மெல்லிசா ஒரு வரப்பு நிக்கணும், அதாவது அந்த வரப்ப மட்டும் விட்டுட்டு சுத்தி இருக்குற ஸ்டீல் மொத்தத்தையும் எடுக்கணும். கையால அத செய்யுறது எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சு பாருங்க. அப்புறம் மின்பொறியால ஸ்டீல அரிக்கிற முறை பரவலா வந்துச்சு, பார்ட்டோட அச்சு அசலா ஒரு எலக்ட்ரோடு செஞ்சு அதுல கோட்ட கிழிச்சுட்டா, அது மோல்ட அரிக்கும்போது கோடு இருக்குற இடத்துல வரப்பு தானா மிஞ்சும். அதுக்கு மேல கம்ப்யூட்டர் கட்டிங் வந்தப்புறம் பள்ளக் கோடு எல்லாருக்கும் சாதாரணமாயிடுச்சு. பள்ளம்னாலே உசத்தின்னும் இல்ல, 1973ல ஆரம்பிச்ச மேட்ச்பாக்ஸ் கம்பெனியோட 1/72 கிட்டெல்லாம் பள்ளக் கோடுக்காகவே இன்னிக்கு வரைக்கும் கிண்டல் பண்ணப்படுது, அதுல சிலது கோடே இல்ல, பதுங்கு குழி.

இன்னொரு விஷயம், இது நீங்களே கவனிச்சிருப்பீங்க. நல்ல புது கிட்ல கூட உடம்போட பக்கவாட்டுல இருக்குற கோடு முதுகுப் பக்கம் போகப்போக மங்கிடும். மோல்டு நேரா பிரியணும், அந்த வளைவுல வரப்பு ஆழமா நின்னா பார்ட் மாட்டிக்கும், அதனால அங்க ஆழம் குறைச்சு விடுவாங்க. போதாக்குறைக்கு ரெண்டு பாதிய ஒட்டி ஜாயின்ட்ட நீங்க தேய்க்கிறதும் அதே இடத்துலதான். ஸ்க்ரைபர் நிஜமா தேவைப்படுறது அங்கதான், முழு இறக்கைக்கும் இல்ல.

இப்ப நிஜ தோலுக்கு வருவோம். பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயரோட ப்ரோட்டோடைப்ல (முதல் மாதிரியில) ரிவெட் (தகட சேக்குற ஆணி) தலை எல்லாம் தோலோட சமமா இருந்துச்சு, அப்படி அடிக்க நேரமும் காசும் ஜாஸ்தி. வேற வழி இருக்கான்னு பாக்க அத செஞ்ச சூப்பர்மரீன்காரங்க என்ன பண்ணாங்கன்னா, உடைச்ச பட்டாணிய எடுத்து ஒவ்வொரு ரிவெட் மேலயும் ஒட்டி பறக்க விட்டாங்க. ஆமா, சுண்டல் போடுற அதே பட்டாணிதான். வேகம் மணிக்கு 22 மைல் குறைஞ்சுது. அப்புறம் ஒவ்வொரு பகுதியா பட்டாணிய எடுத்து எடுத்து பறந்து, எங்க வழவழன்னு இருந்தே ஆகணும், எங்க தலை துருத்திட்டு இருந்தாலும் பரவால்லன்னு கண்டுபிடிச்சாங்க. ஆரம்பகால ஸ்பிட்ஃபயர்ல இறக்கை வழவழன்னும் பின்னுடம்புல ரிவெட் தலை வெளிய தெரியுறதும் அதனாலதான். அப்ப ஒரே விமானத்துலயே ஒரு இடத்துல தூக்கின ரிவெட் சரி, இன்னொரு இடத்துல தப்பு. இதுக்கு ஒரு பொது விதி எப்படிங்க போடுறது? மாஸ்கிட்டோங்கிற விமானம் மரத்துல செஞ்சது, மேல மடபொல்லம் காட்டன் துணிய டோப்ங்கிற வார்னிஷ் போட்டு ஒட்டி இருப்பாங்க, நம்ம கோதாவரிப் பக்கத்து பேர் வச்ச துணி, அந்த விமானத்துல உலோகத் தகடுக்குப் போடுற மாதிரி கட்டம் கட்டமா கோடு கிழிச்சா எப்படி இருக்கும். மறுபக்கம் இந்தக்கால எஃப்-35 போர் விமானத்த எடுத்துக்கோங்க, ரேடார்ல மாட்டாம இருக்க அடிக்கிற பூச்சு பேனல் விளிம்புலயெல்லாம் பட்டை பட்டையா தூக்கலா தெரியும், அதனால இப்ப வர்ற நல்ல கிட்ல கூட வேணும்னே தூக்கின கோடு போடுறாங்க. உங்க நண்பர் அதையும் தேய்க்கச் சொல்வாரா?

பி-17 தோல் அப்படி ஒண்ணும் வழவழப்பு கிடையாது. தகடு மேல தகடு ஏறி நிக்கும், ரிவெட் தலை வரிசை வரிசையா தெரியும். மோனோகிராம் 1975ல போட்ட அந்த மோல்டுல இருக்குற மெல்லிசான தூக்கின கோடு அதுக்கு அப்படி ஒண்ணும் துரோகம் பண்ணல. அதோட இறக்கை மட்டும் முனைக்கு முனை கிட்டத்தட்ட 66 செ.மீ. வரும், மேலயும் கீழயும் மொத்தமா தேச்சு ரிவெட்டோட சேத்து திரும்ப போடுறதுக்குள்ள உங்களுக்கு கிட் மேலயே வெறுப்பு வந்துடும், பாதியில மூட்டை கட்டி பரண்ல போட்ட பி-17 ஊர்ல நிறைய இருக்கு.

மஸ்டாங் கதை வேற. அதோட பெருமையே அந்த இறக்கைதான், லாமினார் ஃப்ளோன்னு சொல்லுவாங்க, காத்து மேல்தோல்ல கலையாம ரொம்ப தூரம் வழுக்கிட்டு போகணும்னு வடிவமைச்சது. ஒரு ரிவெட் குழி, ஒரு தகடு விளிம்பு இருந்தா கூட அங்கேயே காத்து கலைஞ்சிடும். அதனால அத செஞ்ச நார்த் அமெரிக்கன் கம்பெனி ஃபேக்டரியிலேயே இறக்கையோட முன்பக்கம், அகலத்துல கிட்டத்தட்ட 40 சதவீதம் வரைக்கும், இணைப்பு, ரிவெட் எல்லாத்துலயும் புட்டி போட்டு ப்ரைமர் அடிச்சு தேச்சு மூடிட்டு, இறக்கைக்கு அலுமினியம் கலர் லாக்கர் அடிச்சு அனுப்புவாங்க. 1944ல பச்சை பெயின்ட்ட விட்டுட்டு வெறும் உலோகமா அனுப்ப ஆரம்பிச்சப்ப கூட உடம்புதான் வெறும் உலோகம், இறக்கை பெயின்ட்தான். அந்தக்கால போட்டோல உடம்பு பளபளக்கும், இறக்கை ஒரே சீரா மந்தமா சாம்பல் வெள்ளியா இருக்கும், பாத்தா புரிஞ்சிடும். நாம ஏமாறுறது எங்கன்னா இன்னிக்கு ஏர் ஷோல பறக்குற ரீஸ்டோர் பண்ண மஸ்டாங்க பாத்து, அதுல பாலிஷ் போட்ட இறக்கையில ரிவெட் ஒவ்வொண்ணா எண்ணலாம். 1944ல எந்த மெக்கானிக்குக்கும் அதுக்கு நேரம் இல்ல.

டமியா அந்த இறக்கையில கோட்ட நல்லா கிழிச்சு குடுத்திருக்காங்க, வேலை சுத்தம், ஆனா முன்பக்கத்துல அதுல பெரும்பாலானது கண்ணுக்கே தெரியக்கூடாத கோடு. நீங்க அதுல கறுப்ப வேற விட்டீங்க. இப்ப என்ன பண்ணலாம்னா, வாஷ் எனாமல்னா வொயிட் ஸ்பிரிட் தொட்ட பட்ஸால துடைச்சு எடுங்க. பெயின்ட் கடையில விக்கிற என்.சி. தின்னர மட்டும் கிட்டவே கொண்டு வராதீங்க, பிளாஸ்டிக்கயே கரைச்சிடும். உடம்ப மாஸ்கிங் டேப் போட்டு மூடிட்டு, இறக்கை கோட்டுல மிஸ்டர் சர்ஃபேசர் 500 (கெட்டியான ப்ரைமர்) தடவி, காஞ்சதும் வாட்டர் பேப்பர்ல தண்ணி தொட்டு 600, அப்புறம் 1000ல தேய்ங்க. துப்பாக்கி மூடி, தோட்டா மூடி, பெட்ரோல் ஊத்துற மூடி, எய்லரான், ஃப்ளாப் (இறக்கைக்குப் பின்னாடி அசையுற பாகங்கள்) இடைவெளி, இதையெல்லாம் மூடிடாதீங்க, அது திறக்குற இடம், நிஜத்துலயும் தெரியும். அப்புறம் உடம்புல அடிச்ச சில்வர விட ஒரு படி மந்தமான சில்வர இறக்கைக்கு அடிங்க. அந்த ஒரு வித்தியாசத்துலயே உங்க மஸ்டாங் மஸ்டாங் மாதிரி ஆயிடும்.

வாஷ் விஷயத்துல எனக்கு கொஞ்சம் கோவமே உண்டு, எல்லா கோட்டுக்கும் ஒரே கறுப்பு விடுற பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சோ. அசையுற பாகத்தோட இடைவெளி உண்மையிலேயே இருட்டு, அங்க கறுப்புக்கு பக்கமா போலாம். அடிக்கடி திறக்குற மூடிக்கு அழுக்கு பிரவுன். ரெண்டு தகடு சும்மா ஒட்டி நிக்கிற இடத்துக்கு அடிச்ச கலர விட கொஞ்சம் டார்க், சில்வர்னா நடுத்தர சாம்பல், அவ்ளோதான், சிலதுக்கு ஒண்ணுமே வேணாம். முதல்ல பளபள கிளியர் கோட் அடிச்சிட்டு விடுங்க, இல்லன்னா சொரசொரப்புல பரவி கறையாயிடும். துடைக்கும்போது மூக்குலேர்ந்து வால் பக்கமா, காத்து போற திசையில துடைங்க.

சறுக்கின இறக்கை. ஸ்டீல் ரூலர் வளைவுல உக்காராது, அதான் சறுக்குச்சு, வளையுற இடத்துக்கு கெட்டியான டைமோ டேப்ப (லேபிள் அடிக்கிற பிளாஸ்டிக் டேப்) ஒட்டி அத ஓரமா வச்சு இழுக்கணும். கத்தி முனையும் தப்பு, அது பிளாஸ்டிக்க ரெண்டு பக்கமும் தள்ளி மேடு பண்ணும், ஸ்க்ரைபர்னா சுருள் சுருளா செதுக்கி வெளிய எடுக்கும். கீறல்ல சாதா புட்டி வேணாம், அதுமேல திரும்ப கோடு வந்தா பொடிப்பொடியா உதிரும். ஃபெவிக்விக்ல கொஞ்சம் முகப்பவுடர கலந்து குச்சியால வைங்க, இறுகின ஒரு மணி நேரத்துக்குள்ள தேச்சிடுங்க, மறுநாள் வரைக்கும் விட்டா அது கல்லாகி சுத்தி இருக்குற பிளாஸ்டிக்தான் தேயும். கத்தியால போட்ட கோட்டையும் அதே மாதிரி அடைச்சிடுங்க. அடைச்சப்புறம் அந்த இறக்கைய அப்படியே மழமழன்னு விட்டுடலாம்னு தோணுது எனக்கு. வலது இறக்கை கோட்ட ட்ரேசிங் பேப்பர்ல எடுத்து திருப்பிப் போட்டா இடதுக்கு அளவு கிடைச்சிடும். பெயின்ட் அடிச்சு முடிச்சதும் கூரான பென்சில்ல லேசா கோடு போடுங்க, வலது இறக்கையில தூக்கின கோட்ட முன்னாடியே 1000 பேப்பர்ல ஒரு தடவு தடவி உயரம் குறைச்சு வச்சுட்டு, அதையே ஓரமா பிடிச்சு அங்கயும் பென்சில் ஓட்டுங்க. மேட் கிளியர் அடிச்சப்புறம் ஒரு அடி தள்ளி நின்னு பாத்தா எது தேச்ச இறக்கைன்னு உங்க நண்பருக்கே சொல்லத் தெரியாது. உடம்பு ஜாயின்ட்ட தேய்க்கும்போது கோடு அழிஞ்சா, ரெண்டு டேப்ப மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டி நடுவுல சர்ஃபேசர கெட்டியா தடவி டேப்ப உரிச்சிடுங்க, தூக்கின கோடு திரும்ப வந்துடும்.

ஸ்க்ரைபர் 0.1 வாங்குங்க. 0.2 வேணும்னா 0.1ஆலயே இன்னும் நாலு இழுப்பு இழுத்து அகலப்படுத்திக்கலாம். சின்ன சைஸ் முனை சீக்கிரம் உடையும், அழுத்தவே கூடாது, அதோட கனத்துலயே மெதுவா பல தடவ இழுக்கணும். முதல் நாள் மஸ்டாங் மேல வைக்காதீங்க, பி-17 பெட்டியில மிச்சம் கிடக்குற ஸ்ப்ரூ சட்டத்துல (பாகங்கள் ஒட்டிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) ஒரு வாரம் கிழிச்சு பழகுங்க.