ஆமைக்குஞ்சு பஸ்ஸுக்காகக் காத்திருக்காது: வாசகர் கேள்வி–பதில்

எங்கள் பள்ளியில் 8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 45 பேர். ஒரே நாளில் சென்னைக்குப் போய்க் கடலாமை பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? எந்த மாதம் நல்லது?
– ஓர் ஆசிரியை, காவேரிப்பட்டினம்

முடியும். ஆனால் தாய் ஆமை முட்டையிடுவதைப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அது நள்ளிரவுக்கு மேல் நடப்பது. கிலோமீட்டர் கணக்கில் மணலில் நடந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படாத இரவுகளே அதிகம். பிள்ளைகளுக்கு ஏற்றது, பெசன்ட் நகர் கடற்கரையில் உள்ள பொரிப்பகத்தில் (கரையில் இட்ட முட்டைகளை எடுத்து வந்து, பாதுகாப்பாக மணலில் புதைத்துப் பொரிக்க வைக்கும் இடம்) குஞ்சுகளைக் கடலுக்கு விடும் நேரம்.

இங்கே வருவது பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும். ஒரு குழியில் நூறு, நூற்றிருபது முட்டை. பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். மணல் சூடானால் சீக்கிரம், குளிர்ந்தால் தாமதம். ஆக மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை உங்களுக்குத் தோதான காலம். பொதுத்தேர்வு இல்லாத வகுப்புகள் என்பதால் ஒரு சனிக்கிழமையைப் பிடித்துவிடலாம்.

தேதி குறிக்குமுன் வனத்துறைக்குப் பள்ளித் தலைப்பில் கடிதம் கொடுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் பொரிப்பகத்தாரிடம் மறுபடி விசாரியுங்கள். ஒவ்வொரு குழிக்கும் மேலே சின்னப் பலகையில் முட்டையிட்ட தேதியும் எண்ணிக்கையும் எழுதியிருப்பார்கள். நாள் நெருங்கியதும் குஞ்சுகள் ஓடிவிடாமலிருக்கக் கூடை கவிழ்த்து வைப்பார்கள். குழியின் மேல் மணல் லேசாக உள்வாங்கியிருந்தால் ஓரிரு நாளில் வெளிவரும் என்று பொருள். இவ்வளவும் சரியாக இருந்தும் அன்று பொரிக்காமல் போகலாம். பொரித்த குஞ்சை நாளைக்கு வரும் பஸ்ஸுக்காக நிறுத்தி வைக்கவும் மாட்டார்கள். கூடைக்குள் துடுப்படித்தே அதன் தெம்பு தீர்ந்துவிடும். இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கிண்டி பாம்புப் பண்ணையையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் பயணம் வீண் போகாது.

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை சுமார் 255 கி.மீ. காலை 6 மணிக்குக் கிளம்பினால், டீக்கு நிறுத்தி, ஸ்ரீபெரும்புதூர் நெரிசலையும் தாண்டி 12 மணிக்குள் கிண்டி. மதியச் சாப்பாடு புளிச்சோறாகக் கையிலேயே இருக்கட்டும். கடற்கரைக்கு நாலரைக்குப் போனால் போதும். குஞ்சு விடுவது சூரியன் சாயும் நேரத்தில். திரும்பி ஊர் சேர நள்ளிரவு தாண்டும். இரண்டு டிரைவர் இல்லாமல் இந்தப் பயணம் வேண்டாம்.

குஞ்சுகளைப் பிள்ளைகள் கையில் எடுத்து விடலாமா? போட்டோ?
– ஒரு பெற்றோர், பாலக்கோடு

இரண்டும் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. அனுமதி பெற்றவர்கள்தான் தொடலாம். தண்ணீரிலேயே கொண்டுபோய் விடாமல், சில அடி தள்ளி ஈரமணலில் விட்டு நடக்கவிடுவதுதான் முறை.

குஞ்சின் நீளம் இரண்டு அங்குலம்கூட இல்லை. உங்கள் குதிகால் பதிந்த இடம் அதற்குப் பள்ளத்தாக்கு. கவிழ்ந்தால் எழுந்திருக்கவே திணறும். அதனால் பாதையின் இருபுறமும் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, நடுவில் பதிந்த காலடிகளைக் கையால் மெழுகிவிடுங்கள். அதைப் பிள்ளைகளே செய்யட்டும், சந்தோஷமாகச் செய்வார்கள்.

வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று குஞ்சு நினைக்கும். இயற்கையான கரையில் அது சரி. செல்போன் பிளாஷும் தெருவிளக்கும் அதைத் திசை திருப்பிவிடும். ரோட்டுப் பக்கம் போன குஞ்சை நாயோ காக்கையோ விடாது. ஆகவே கடற்கரைக்கு வந்ததும் செல்போன்களை ஒரே பையில் வாங்கி வைத்துவிடுங்கள்.

கரையில் செத்த ஆமைகள் கிடக்குமாமே, பிள்ளைகள் பயந்துவிட மாட்டார்களா?
– கல்லூரி மாணவர், ஊத்தங்கரை

கிடக்கலாம், ஜனவரி, பிப்ரவரியில் அதிகம். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கடலாமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. இழுவலையில் மாட்டி மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்பது விதி. ஆமை தப்பிக்க வலையில் கம்பித் தடுப்பும் வழியும் வைக்கலாம். பார்க்க நேர்ந்தால் மறைக்க வேண்டாம். காரணத்தைச் சொல்லுங்கள். தொடவிடாதீர்கள்.

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று என் பாட்டி தடுக்கிறார்.
– 9-ஆம் வகுப்பு மாணவி, காரிமங்கலம்

ஆண் கடலாமை முட்டையை விட்டு வந்த நாளோடு சரி, பொதுவாக மறுபடி கரையேறுவதில்லை. பெண் ஆமையும் ஒரு மணி நேரம் போல மணலில் இருந்துவிட்டுத் திரும்பிவிடும். காரிமங்கலத்துக்கு வர வழியே இல்லை என்று பாட்டியிடம் சொல்லம்மா.

பாட்டி பயப்பட வேண்டியது அலைக்குத்தான். ஒகேனக்கலிலும் கே.ஆர்.பி. அணையிலும் நீந்திப் பழகியது கடலில் கைகொடுக்காது. அலை திரும்பும்போது காலடி மணலையும் அள்ளிக்கொண்டு போகும், கணுக்கால் தண்ணீரிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். ஆசிரியர் கோடு கிழித்தால் அதைத் தாண்டாதே.