கேளுங்கள் சொல்கிறோம்: ஃபியூஸ் போனால்...

கேள்வி: சிசிடிவி கேமராவுக்கான 12 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸில் (மெயின்ஸை 12 வோல்ட் டிசியாக்கும் பவர் சப்ளை) உள்ளே இருந்த 3.15 ஆம்பியர் ஃபியூஸ் போனது. 5 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் போட்டேன். ‘டப்’ என்று வெடித்து, கண்ணாடி கறுத்துவிட்டது. இன்னும் பெரியது போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த சப்ளை முழு லோடில் ஓடும்போதே மெயின்ஸில் ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் இழுக்கும். 3.15 ஆம்பியர் என்பது ஸ்விட்ச் போட்டவுடன் பெரிய கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் அந்தக் கண நேர இழுப்பைத் தாங்கத்தான். அதனால்தான் ‘டி’ எழுத்துள்ள ஸ்லோ ப்ளோ (கண நேர இழுப்புக்கு அறாமல், மெதுவாக அறும்) வகை. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால், ஃபியூஸ் பழசாகியோ லோடு கூடியோ போயிருக்கலாம். கறுத்தாலோ வெள்ளி பூசியது போல ஆனாலோ உள்ளே ஷார்ட்.

பிளக்கைப் பிடுங்குங்கள். கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் தட்டி இறக்காதீர்கள்; இன்சுலேட் செய்த ஒயரில் 4.7 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சேர்த்து, கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் சில விநாடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று பாருங்கள். பிறகு மீட்டரின் டயோடு மோடில் பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடுகள்): ஒரு பக்கம் 0.5 அளவில் காட்டவேண்டும், திருப்பினால் காட்டக்கூடாது. அடுத்து மாஸ்ஃபெட்டின் (வேகமாக ஆன், ஆஃப் ஆகும் டிரான்சிஸ்டர்) டிரெயின், சோர்ஸ் கால்கள். இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அது போய்விட்டது. பெரும்பாலும் சோர்ஸ் காலில் உள்ள ரெசிஸ்டரையும் கன்ட்ரோல் ஐசியையும் கூடவே இழுத்துக்கொண்டுதான் போகும். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றினால் அடுத்த ஃபியூஸும் போகும்.

மாற்றியபின் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை ஃபியூஸுக்குப் பதிலாக சீரிஸில் போட்டு, லோடு இல்லாமல் ஆன் செய்யுங்கள் (எல்ஈடி பல்பு உதவாது). பளிச்சிட்டு மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. கடைசியாக அதே ‘டி 3.15 ஏ 250 வி’ அளவில் செராமிக் ஃபியூஸ் போடுங்கள். சாதாரண கண்ணாடி வகை வெடிக்காமல் அறுக்கக்கூடிய ஷார்ட் கரன்ட் 35 ஆம்பியர், அல்லது அதன் அளவில் பத்து மடங்கு, எது அதிகமோ அதுவரைதான். ‘எச்’ குறியுள்ள செராமிக் 1500 ஆம்பியர்.

கேள்வி: 12 வோல்ட் 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது. பிரைமரியில் (மெயின்ஸ் பக்கம்) போட்ட 2 ஆம்பியர் ஃபியூஸ் அப்படியே இருக்கிறதே?

பதில்: அது 36 விஏ (12 வோல்ட் × 3 ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர். முழு லோடிலும் பிரைமரி கரன்ட் 0.16 ஆம்பியர்தான். நாலைந்து மடங்கு இழுத்து காயில் கருகினாலும் 2 ஆம்பியர் ஃபியூஸுக்கு உறைக்காது. 315 மில்லியாம்பியர் ஸ்லோ ப்ளோ போதும். ஃபியூஸ் பேஸ் ஒயரில் இருக்கட்டும். நியூட்ரலில் இருந்தால் அறுந்த பிறகும் உள்ளே எல்லாம் ஷாக் அடிக்கும். இன்னொன்று: பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் போட்டபின் இந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 1.8 ஆம்பியர் டிசிக்கு மேல் எடுக்காதீர்கள். கருகியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி: எஸ்எம்பிஎஸ் தகரப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது. ஃபியூஸ் ஏன் போகவில்லை?

பதில்: ஃபியூஸ் தீயைத் தடுக்கும், ஷாக்கைத் தடுக்காது. இரைச்சலை வடிகட்டும் ஒய் கெப்பாசிட்டர்கள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு வருகின்றன. எர்த் கொடுக்காவிட்டால் பெட்டியில் 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். கசிவு பொதுவாக ஒரு மில்லியாம்பியருக்கும் கீழே. அவற்றை வெட்டிவிடாதீர்கள், எர்த் குறியுள்ள டெர்மினலில் மூன்றாவது ஒயரை இணையுங்கள். இணைத்தும் அடித்தால் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை: சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் இருக்கவேண்டும். ஆளைக் காப்பாற்ற மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டதும் சப்ளையை அறுக்கும் சுவிட்ச்) வேண்டும்.