வாசலில் வைத்துவிட்டுப் போனவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நாங்கள் ஒஹாயோவில் கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே இருக்கிறோம். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். போன ஜனவரியில் என் கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. மகன் இரண்டாம் வகுப்பு. விசா கிடைக்காததால் ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. மகனோடு படிக்கும் ஒரு பையனின் அம்மா, அமெரிக்கப் பெண், விஷயம் தெரிந்ததும் ‘மீல் ட்ரெயின்’ என்று ஒன்று ஏற்பாடு செய்தார். எது சாப்பிடுவோம், எது ஒத்துக்கொள்ளாது, எத்தனை மணிக்கு வேண்டும் என்றெல்லாம் கேட்டு இணையத்தில் ஒரு பட்டியல் போட்டார். வாசலில் ஒரு ஐஸ்பெட்டி வைக்கச் சொன்னார். மூன்று வாரம் தினமும் மாலையில் யாராவது வந்து அதில் சாப்பாடு வைத்தார்கள். சைவம் என்று சொன்னதை ஒருவர்கூட மறக்கவில்லை.

ஆனால் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. பெல் அடிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கார் வந்து நிற்கும், பெட்டியைத் திறந்து வைப்பார்கள், போய்விடுவார்கள். ஊரில் என்றால் வீடு நிறைய ஆள் இருந்திருக்கும். நன்றி இல்லாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். சாப்பாடு வந்தது, மனிதர்கள் வரவில்லை என்று மனதில் ஒரு குறை. இங்கே எல்லாரும் சிரிக்கிறார்கள், கடையில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ‘ஒருநாள் சந்திப்போம்’ என்கிறார்கள். யாரும் கூப்பிடுவதில்லை. இவர்களுடைய மரியாதைக்குப் பின்னால் அன்பு இருக்கிறதா, வெறும் பழக்கமா?

எஸ்., கொலம்பஸ்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் இப்போது நன்றாக நடமாடுகிறார் என்று நம்புகிறேன். இம்மாதிரி சிகிச்சையில் படுத்திருப்பவரைவிடப் பார்த்துக்கொள்பவருக்குத்தான் பாடு அதிகம். குளிர்காலத்தில், சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு, தனியாகச் சமாளித்திருக்கிறீர்கள். உங்கள் மனக்குறை முழுக்க நியாயமானது.

இருந்தாலும் உங்கள் கேள்விக்கு என் பதில், அன்புதான் என்பது. சிரிப்பதையும் கதவைப் பிடிப்பதையும் வைத்து இதைச் சொல்லவில்லை. அவை எந்த ஊரிலும் மேல்பூச்சான நாகரிகம்தான். உங்கள் வாசலில் இருந்த அந்த ஐஸ்பெட்டியை வைத்துச் சொல்கிறேன்.

ஒஹாயோவில் ஜனவரி மாதம் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை முடிந்து வந்த ஒருவர், தன் பிள்ளைகளுக்குச் சமைப்பதோடு உங்களுக்கும் சேர்த்துச் சமைக்கிறார். சைவம் சமைத்துப் பழக்கம் இல்லாதவர். சூப் டப்பாவைத் திருப்பி, கோழிச்சாறு கலந்திருக்கிறதா என்று பொடி எழுத்தைப் படிக்கிறார். அலுமினிய ட்ரேயில் வைத்து, ஃபாயிலால் மூடி, அதன்மேல் மார்க்கர் பேனாவால் ‘அவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட், 40 நிமிடம்’ என்று எழுதுகிறார். சாலட் தனி டப்பாவில். பையனுக்கு இரண்டு குக்கி. எங்கள் வீட்டுக்கும் இப்படி வந்திருக்கிறது, நானும் மற்ற வீடுகளுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். ட்ரே ஏன் அலுமினியத்தில் என்றால், கழுவித் திருப்பித் தரும் வேலைகூட உங்களுக்கு இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை நாம் வெறுமனே திருப்பித் தரமாட்டோம், இரண்டு வாழைப்பழமாவது வைத்துத்தான் கொடுப்போம். அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நமக்கு உறவு வளர்கிறது. கஷ்டத்தில் இருப்பவர் தலையில் அந்தக் கணக்கை ஏற்றக் கூடாது என்று இவர்கள் நினைக்கிறார்கள்.

பெல் அடிக்காததும் அதனால்தான். பெல் அடித்தால் நீங்கள் எழுந்து வர வேண்டும். தலை வாரியிருக்கிறதா, சோபாவில் துணி கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். வந்தவருக்குக் காபி போட வேண்டும். நோயாளி இருக்கும் வீட்டில் உங்களை விருந்தோம்ப வைப்பது அவர்கள் பார்வையில் தொல்லை கொடுப்பது. நம் ஊரில் வீடு நிறைய ஆள் இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மை. அத்தனை பேருக்கும் டம்ளர் கழுவியது யார் என்று உங்கள் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இந்த நாட்டு மரியாதையின் அடிப்படை, கதவைத் திறக்கும் உரிமை உள்ளே இருப்பவருக்கே என்பது. சொந்தத் தம்பி வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் போகமாட்டார்கள். வெளியே நிற்பவர் என்ன உதவி வேண்டும் என்று கேட்பார், கேட்டதைச் செய்வார், அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க உங்கள் அழைப்புக்குக் காத்திருப்பார். நாமோ, கூப்பிடாமலே வருவதுதான் உரிமை என்று நம்பி வளர்ந்தவர்கள். நீங்கள் ஜன்னலுக்கு உள்ளேயும் அவர்கள் பெட்டிக்குப் பக்கத்திலுமாக மூன்று வாரம் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்திருக்கிறீர்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எனக்குத் தோன்றும் பெரிய காரணம் இடப்பெயர்ச்சி. 1940களின் கடைசியில் ஆண்டுதோறும் அமெரிக்கர்களில் ஐந்தில் ஒருவர் வீடு மாறிக்கொண்டிருந்தார். இப்போது அது பத்தில் ஒருவருக்கும் கீழே இறங்கிவிட்டது என்றாலும் பழக்கம் படிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கு யார் வருவார்கள் என்று தெரியாது. வந்தவருடைய குலம் கோத்திரம் தெரியாது, சித்தப்பா பெரியப்பா யாரும் அருகில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்றால் ஆளைப் பார்க்காமல் வேலையைப் பார்க்கும் ஒரு முறை தேவைப்படுகிறது. மீல் ட்ரெயின் பட்டியல் அந்த முறையின் இன்றைய வடிவம். உங்கள் பெயரை உச்சரிக்கத் தெரியாதவர்கூட அதில் ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளலாம்.

முறை பழையது. 1736இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஃபிலடெல்ஃபியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கினார். உறுப்பினர்கள் ஆளுக்குச் சில தோல் வாளிகளும், வீட்டுச் சாமான்களை அள்ளிக் காப்பாற்றத் துணிப்பைகளும் வைத்திருக்க வேண்டும், மற்றவர் வீட்டில் தீப்பிடித்தால் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். இன்றைக்கும் இந்த நாட்டின் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேல் சம்பளமில்லாத தொண்டர்கள். நகரங்களில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. சின்ன ஊர்களில் தீ அணைக்க வருபவர் பகலில் எலக்ட்ரீஷியனாகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். சட்டைப்பையில் பேஜர் அலறினால் போட்டது போட்டபடி ஓடுவார். 1831இல் சிறைச்சாலைகளை ஆராய வந்த பிரெஞ்சுக்காரர் அலெக்சிஸ் து டோக்வில், சிறைகளைவிட இதைக் கண்டுதான் அதிகம் வியந்தார். எந்தக் காரியம் ஆக வேண்டுமானாலும் இங்கே நாலு பேர் கூடிச் சங்கம் அமைத்துவிடுகிறார்கள் என்று.

நான் இருக்கும் மாசசூசெட்ஸில் ஊரும் நகரமுமாக 351 இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலான ஊர்கள் ‘டவுன் மீட்டிங்’ என்ற ஊர்க்கூட்டத்தில்தான் வரவு செலவை முடிவு செய்கின்றன. எங்கள் ஊரில் பள்ளிக்கூட அரங்கில் நடக்கும். வாக்காளராகப் பதிந்தவர் யாரும் பேசலாம், கையிலிருக்கும் அட்டையை உயர்த்தி வாக்களிக்கலாம். மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கத் தனி வரிசை உண்டு. முதல்முறை போனபோது நான் கவனித்தது அங்கே பேசும் ஒழுங்கைத்தான். மைக் முன்னால் வந்தவர் முதலில் பெயரையும் எந்தத் தெரு என்பதையும் சொல்கிறார். பிறகு எவ்வளவு கோபம் இருந்தாலும் எதிராளியைப் பார்த்துப் பேசக் கூடாது. எல்லாப் பேச்சும் கூட்டத்தை நடத்தும் மாடரேட்டரைப் பார்த்துத்தான். புதிய தீயணைப்பு வண்டி வாங்கலாமா வேண்டாமா என்று அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவர் மோதிக்கொண்டார்கள். இரண்டு பேருமே மேடையைப் பார்த்துக்கொண்டு, மாடரேட்டர் வழியாக ஒரு கேள்வி என்று சொல்லிச் சொல்லியே சண்டை போட்டார்கள். வாக்கெடுப்பில் தோற்றவர் கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடித்து அடுக்கப் போனார். ஜெயித்தவரும் அங்கேதான் இருந்தார். இந்த ஒழுங்கு இருப்பதால்தான் அடுத்த நாளும் அவர்களால் பக்கத்துப் பக்கத்தில் வாழ முடிகிறது என்று நினைக்கிறேன். உங்களுக்குக் குளிர்ச்சியாகத் தெரியும் அந்த இடைவெளி, அவர்களைச் சேர்த்து வைத்திருப்பதும்கூட.

இதன் விலையையும் சொல்லியாக வேண்டும். மூடிய கதவை எல்லாரும் மதித்தால் உள்ளே ஒருவர் தனிமையில் வாடுவது யாருக்கும் தெரியாமல் போகும். 2023இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி தனிமையை ஒரு கொள்ளைநோயாகவே பேசி அறிக்கை வெளியிட்டார். உறவுகள் அற்றுப்போவது நாளுக்குப் பதினைந்து சிகரெட் வரை புகைப்பதற்கு ஈடாக உயிருக்கு ஆபத்து என்று அதில் எச்சரித்தார். மண்டியா பக்கத்துக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சாப்பாடு வந்தது, மனிதர்கள் வரவில்லை என்ற உங்கள் வரியை அவர் படித்தால் புரிந்துகொள்வார்.

இன்னொன்று இதைவிடக் கசப்பானது. ‘நாலு பேர் கூடி’ என்றேன். அந்த நாலு பேரில் யாரைச் சேர்ப்பது என்பதில் இந்த நாடு வெகுகாலம் கொடுமையாக நடந்துகொண்டது. அலபாமாவின் மான்ட்கோமரியில், கறுப்பின மக்களையும் பூங்காக்களில் அனுமதிக்க வேண்டும் என்று வழக்கு வந்தபோது, நகர நிர்வாகம் 1959இல் எல்லாப் பூங்காக்களையும் இழுத்து மூடியது. நீச்சல்குளத்தை மண் போட்டு நிரப்பியது. கறுப்பினத்தவருக்கு விற்கமாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதி வைத்ததும் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசிச் செய்த வேலைதான். 1964இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம், 1965இல் நமக்கெல்லாம் வழிவிட்ட குடியேற்றச் சட்டம், 1968இல் வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுத்த சட்டம். கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டுப் போராடிய ஆண்டுகள் அவை. நீங்களும் நானும் இந்தத் தெருக்களில் வீடு வாங்கியது அவர்கள் திறந்துவிட்ட வழியில். அமெரிக்கச் சமூக வாழ்க்கையைப் பாராட்டி எழுதும்போதெல்லாம் இதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இனி, ‘யாரும் கூப்பிடுவதில்லை’ என்பதற்கு வருகிறேன். இங்கே நட்பு கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து தொடங்குவதில்லை. சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது பக்கவாட்டில் தொடங்குகிறது. எங்கள் ஊர் நூலகத்தில் பழைய புத்தக விற்பனைக்காகப் பெட்டி பிரித்து அடுக்கும் வேலைக்குப் போவேன். என்னோடு அடுக்கிய அம்மாள் ஒருவர் பல மாதம் துப்பறியும் நாவல் எந்த மேஜை, சமையல் புத்தகம் எந்த மேஜை என்பதைத் தவிர வேறு பேசியதில்லை. ஒருநாள் பெட்டியைக் குனிந்து பார்த்தபடியே தன் மகன் போதைக்கு அடிமையாகி இறந்ததைச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது அவரால். இன்று என் நெருங்கிய தோழி.

நம்மவர்களும் இதைப் பழகிக்கொண்டுதான் இருக்கிறோம். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைப் பாருங்கள். வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடத்தில், ஐ.டி. வேலை பார்க்கும் அப்பா ‘அ, ஆ’ நடத்துகிறார், இன்னோர் அம்மா நொறுக்குத்தீனிப் பட்டியல் போடுகிறார். உள்ளே போனதும் வகுப்பறையை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது படத்தைப் பார்த்து மேஜைகளை இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டு வருவார்கள். ஊரில் நாம் பார்த்த பள்ளிக்கூடம் இப்படி நடந்ததில்லை. பாடம் தமிழ், நடத்தும் விதம் முழுக்க அமெரிக்கா.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று. மீல் ட்ரெயின் ஏற்பாடு செய்த அந்தப் பெண்ணிடம் சமைத்தவர்கள் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் கைப்பட இரண்டு வரி நன்றிக் கடிதம் எழுதுங்கள், என்ன சாப்பாடு கொண்டுவந்தார் என்பதைக் குறிப்பிட்டு. இந்த ஊரில் கையெழுத்துக் கடிதத்துக்கு மின்னஞ்சலுக்கு இல்லாத மதிப்பு உண்டு. பிறகு அவர்களில் நாலைந்து குடும்பத்தைக் காபிக்குக் கூப்பிடுங்கள். ‘ஒருநாள் வாருங்கள்’ என்றால் இங்கே அது அழைப்பாகாது. ‘வரும் சனிக்கிழமை, 3 மணியிலிருந்து 5 மணி வரை’ என்று எழுதினால்தான் அழைப்பு. சரியாக 3 மணிக்கு வந்துவிடுவார்கள், ஆகையால் வடை மாவை முன்னாலேயே அரைத்து வையுங்கள். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், வெறுங்கையோடு வர அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். பழம் கொண்டுவரச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்பதையும் அழைப்பிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். குளிர் நாளாக இருந்தால் நல்ல சாக்ஸ் போட்டுக்கொண்டு வருவார்கள்.